ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம்

என் அக்கா புருஷன் காசிராஜனை முதல் பதினான்கு வருஷம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். இல்லாவிட்டால் இதை எல்லாம் சொந்தக்காரனைப் பற்றிய புகழ்ச்சி என்று நினைப்பீர்கள்.

நான் ரத்தினசாமி. சாத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு. அக்கா பொன்னுத்தங்கத்தை நாற்பத்தேழில் சிவகாசிக்குக் கட்டிக்கொடுத்தோம். அத்தானுக்கு அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. சேர்ந்த ஆறாவது வருஷமே போர்மேன் ஆகிவிட்டார். நெடுநெடுவென்ற உயரம், நடுவில் இடைவெளி இல்லாமல் சேர்ந்த புருவம், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை வராத வாய். கல்யாண வீட்டில்கூட யாராவது அழுதால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள். "நல்ல காரியத்துல என்ன அழுகை" என்பார். துக்க வீட்டிலும் அதையேதான் வேறு மாதிரி சொல்வார்.

கம்பெனியில் அவருக்கு நல்ல பெயர். காலை ஏழரைக்கு ஷெட்டுக்குள் ஆள் இல்லையென்றால் அன்றைக்கு அந்த ஆளுக்கு வேலை இல்லை. வெடிமருந்து கலக்கிற இடத்தில் யாரும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. அவர் வருவது தெரிந்தால் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். முதலாளி லட்சுமிகாந்தம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாராம்: "நம்ம காசிராஜன் இருக்கிற எடத்துல ஈ பறக்காது."

ஐம்பதில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சந்தனமாரி என்று பெயர். எல்லாருக்கும் சந்தனம். அப்பனை உரித்து வைத்திருந்தாள். அந்தச் சேர்ந்த புருவம், பேசுவதற்கு முன்னால் உதட்டை ஒரு பக்கமாகச் சுழிக்கிற பழக்கம், எல்லாம். அவளிடம் மட்டும் அத்தான் பேசுவார். பேசுவார் என்றால், அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார். அதுவே அந்த வீட்டில் பெரிய சத்தம்.

ஐம்பத்து நாலு புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தீபாவளிக்கு முந்தின சீசன். பம்பாய்க்கு லோடு ஏற வேண்டிய நாள். காலையில் அக்கா, "இன்னைக்கு ஒரு நா போக வேண்டாமே" என்று கேட்டிருக்கிறாள். "காய்ச்சல்தான. கசாயம் குடு, சாயங்காலம் வந்து பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்தபோது பிள்ளைக்குத் தொண்டை அடைத்திருந்தது. உள்ளூர் டாக்டர் மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார். வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். விருதுநகர் தாண்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவின் இடது தோளில் சாய்ந்தபடியே போனாள் சந்தனம். நாலு வயது.

நாலாம் நாள் அத்தான் வேலைக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் பிள்ளையின் பாவாடை, சட்டை, சிலேட்டு, மரப்பாச்சி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு யாருக்கோ கொடுத்துவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அழுதால், "நாலு பேரு பாக்காக, போதும்" என்பார். பிறகு அவள் அழுவதையும் நிறுத்திவிட்டாள். பேசுவதையும் நிறுத்திவிட்டாள். கேட்டால் பதில், கூப்பிட்டால் வருகை, அவ்வளவுதான்.

ஐம்பத்தாறு ஆடியில் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கடைசி வெள்ளி பார்க்க அக்கா சாத்தூர் வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து படுத்தவள், மறுநாள் ஊருக்குக் கிளம்பவில்லை. அதற்கு மறுநாளும் கிளம்பவில்லை. பத்து நாள் கழித்து அத்தான் வந்தார். கடை வாசலில் நின்றுகொண்டே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பச் சொல்லு" என்றார் என்னிடம்.

உள்ளே போய்ச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினாள், வரவில்லை என்று.

"வரலியாம்" என்றேன்.

"சரி" என்றார். திரும்பிப் போய்விட்டார். ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே வந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லால் செய்த மனுஷன் என்று அன்றைக்கு நான் என் மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை.

அந்த ஐந்து வருஷத்தில் சிவகாசியில் நடந்தது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் அவரே கொஞ்சம் சொன்னார். அவரிடம் வேலை பார்த்த இருளாண்டி மீதியைச் சொன்னார்.

இருளாண்டி மருந்து ரூமில் வேலை பார்த்தவர். கலந்த மருந்தைச் சல்லடையில் சலித்துப் பெட்டியில் போடுவது அவர் வேலை. பத்து வருஷப் பழக்கம், கை தவறாத ஆள். ஐம்பத்தெட்டில், தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் கால் மணி நேரம் பிந்தி வந்தார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல். இன்னைக்கு மட்டும் என்னை விட்ருங்க. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்."

அத்தானுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று அங்கே இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. "ஊர்ல எவன் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரல? காய்ச்சலாம் காய்ச்சல். லோடு கெடக்குது, உள்ள போலே" என்று கத்தினாராம். சத்தம் போட்டு அவர் பேசி அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. இருளாண்டி, தீப்பொறி வராமல் இருக்க வாசல் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு மருந்து ரூமுக்குள் போனார்.

பத்தரை மணி இருக்கும். பெட்டியைத் தூக்கும்போது கை நழுவியது. பெரிய சத்தம்கூட இல்லை, ஒரு வெளிச்சமும் புகையும்தான் என்கிறார்கள். ஷெட்டுகள் தள்ளித் தள்ளி இருந்ததால் மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருளாண்டிக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. வலது கண்ணும் போயிற்று. அத்தான்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருளாண்டியின் பெண்சாதி மூக்கம்மாள் வந்து உட்கார்ந்தாள். இடுப்பில் காய்ச்சல் பிள்ளை. அது தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கம்மாள் அழவில்லை, ஏசவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"காலையில இவுக மொகத்தப் பாத்தீகளா அண்ணாச்சி?"

"பாத்தேன்" என்றார் அத்தான்.

"எப்படி இருந்துச்சு?"

 அத்தான் யோசித்துப் பார்த்தார். இருளாண்டி என்ன சட்டை போட்டிருந்தார் என்பது ஞாபகம் இருந்தது. எத்தனை நிமிஷம் பிந்தி வந்தார் என்பது ஞாபகம் இருந்தது. முகம் ஞாபகத்தில் இல்லை.

"முந்தின ராத்திரி முச்சூடும் கண்ண மூடல அவுக" என்றாள் மூக்கம்மாள். "பாத்திருந்தா அங்கன அனுப்பியிருக்க மாட்டீக. நீங்க கெட்டவுக இல்ல. பாக்கல, அம்புட்டுதான்."

அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது.

 இந்த இடத்துக்கு வந்ததும் அத்தான் என்னிடம் சொன்னார்: "பிள்ளைக்குக் காய்ச்சல்னு எவன் சொன்னாலும் எனக்குச் சுருக்குனு வரும் மாப்ளே. அதைக் கோவம்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். கோவம் இல்ல. பயம். அது பயம்னு தெரியுறதுக்கு இன்னொருத்தன் கண்ணு போக வேண்டியிருந்துச்சு."

அதற்குப் பிறகு அத்தான் ஒரு வேலையைத் தொடங்கினார். காலை ஏழு மணிக்கே கம்பெனி வாசலில் போய் நின்றுகொள்வார். உள்ளே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அது அவருக்கு வரவில்லை. முதல் மாதம் எல்லா முகமும் ஒன்று போலவே இருந்ததாம். அவரைக் கண்டதும் எல்லாரும் முகத்தை ஒரே மாதிரி இறுக்கிக்கொண்டு போனார்கள். ஏதோ திருட்டுப் போயிருக்கிறது, அதற்காகத்தான் போர்மேன் நிற்கிறார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார். "என்ன கொழம்பு கொண்டாந்திருக்க?" தூக்குச்சட்டியைக் காட்டிக் கேட்பார். பதில் அவருக்கு முக்கியமில்லை. பதில் வருகிற குரலைக் கேட்பார். உடனே வருகிறதா, ஒரு கணம் கழித்து வருகிறதா, கண் எங்கே போகிறது. மனது வேறெங்கோ இருக்கிறவர்கள், "என்ன கேட்டீக?" என்று திரும்பக் கேட்பார்கள். அவர்களை அன்றைக்கு மருந்து ரூமுக்கு விட மாட்டார். லேபில் ஒட்டுகிற ஷெட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அதிலும் ஒரு தப்புச் செய்தார். ஏன் அனுப்புகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. லேபில் ஷெட் என்றால் சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும் இருக்கிற இடம். கை தேர்ந்தவர்களுக்கு அங்கே போவது அவமானம். திரி வைக்கிற வெள்ளைத்தாயை ஒரு வாரத்தில் இரண்டு தடவை அங்கே அனுப்பினார். மூன்றாவது தடவை அவள் நகரவில்லை.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு சொல்லுங்க. வீட்டுலயும் ஏச்சு, இங்கனயும் தண்டனையா?"

"தண்டனை இல்ல" என்றார். "ஒம் மொகம் சரியில்ல. கை நடுங்குனா நீ கருகிப் போவ."

 "இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல" என்றாளாம் வெள்ளைத்தாய். "நீங்க சொல்லாமப் பண்ணுனா எங்களுக்கு எப்படித் தெரியும்? மனசுல இருக்கிறத நாங்களா தோண்டி எடுக்கணுமா?"

அன்றையிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மனசு, துக்கம், பயம் என்கிற வார்த்தைகளெல்லாம் அவர் வாயில் புதிதாகக் கட்டின பல் மாதிரி தட்டுப்பட்டன. ஆனாலும் சொன்னார். ஜனங்களும் மெல்ல மெல்ல அவர்களே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு எனக்கு மருந்து ரூம் வேண்டாம்" என்று ஒருவர் முதலில் சொன்னார். மறுவாரம் நாலு பேர் சொன்னார்கள்.

ஐம்பத்தொன்பது சீசனில் முதலாளி அவரைக் கூப்பிட்டனுப்பினார். "வாசல்ல நின்னு சோசியம் பாக்கிறியாமே. ஆளுகள எடம் மாத்தி மாத்தி ஆர்டர் பிந்துது. நீ போர்மேனா, பூசாரியா?"

"இருளாண்டி கண்ணு போனதுக்கு நாந்தான் காரணம் மொதலாளி" என்றார் அத்தான். "அத நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்பச் சொல்லுதேன். லோடு ரெண்டு நா பிந்தட்டும். இது வேண்டாம்னா எனக்கு வேலையும் வேண்டாம்."

அதற்கு மேல் லட்சுமிகாந்தம் தடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, இருளாண்டிக்கு வாசல் காவல் வேலை போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு வாசலில் இரண்டு பேராக நின்றார்கள். இருளாண்டிதான் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "ஒங்க அத்தான் என்கிட்ட, ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு நீ என்னைவிட நல்லாப் பாக்கிறயேப்பா அப்படிம்பாரு. நான் சொல்லுவேன், எனக்கு வீட்டுல பேசுறதுக்கு ஆளு இருக்கு அண்ணாச்சி, அங்கன பழகிக்கிட்டு வாரேன்னு. அப்படிச் சொன்னா அன்னைக்குப் பூரா பேச மாட்டாரு."

அறுபத்தொன்று வைகாசியில் மாரித்தாய் என்கிற பெண்ணின் கைக்குழந்தை இறந்துபோனது. பதினோராம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். வாசலில் அத்தான், "இன்னும் ரெண்டு நா இருந்துட்டு வாயேன்" என்றார்.

"வீட்டுல இருந்தா அது கெடந்த எடம் தெரியுது அண்ணாச்சி" என்றாள்.

லேபில் ஷெட்டில் உட்கார வைத்தார். மத்தியானம் அந்தப் பக்கம் போனபோது, அவள் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கண் எதையும் பார்க்கவில்லை. வலது கையால் இடது தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள். மேலிருந்து கீழாக, மெதுவாக. திரும்ப மேலிருந்து கீழாக. பிள்ளையைச் சாய்த்துத் தட்டிக்கொடுக்கிற மாதிரி.

அத்தான் கொஞ்சம் தள்ளிக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.  அவள் அழ ஆரம்பித்தாள். 'போதும்' என்ற சொல் அவர் நாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவள் அழுது முடிக்கிறவரைக்கும் இருந்தார். பிறகு எழுந்து வெளியே போய், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருளாண்டி ஓடிவந்து என்ன என்று கேட்டதற்கு, "எம் பெண்டாட்டி இப்படித்தான்யா தடவுனா. ரெண்டு வருசமாத் தடவுனா" என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கடையில் கூட்டம். வெளியே ஒரு உயரமான ஆள் ஓரமாக நிற்பதைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்த பிறகும் வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

"தங்கத்தப் பாக்கணும்" என்றார். "கூட்டிட்டுப் போக வரல. பாத்துட்டுப் போயிருதேன்."

உள்ளே அக்கா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். சாத்தூரில் பாதி வீடுகளில் நடக்கிற வேலைதான். பக்கத்தில் பசைக் கிண்ணம், முன்னால் ஒட்டின பெட்டிகள் குவியலாக. அத்தானைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் கதவோரமாகவே தரையில் உட்கார்ந்தார். ஏதாவது தகராறு வந்தால் நடுவில் போகலாம் என்று நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

அத்தான் ஒட்டின பெட்டிகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"தோளு வலிக்குதுன்னு நெனச்சு ஒனக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு பாட்டில். ஒனக்கு வலிச்சது தோளு இல்லன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அக்கா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. பிறகு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் அப்படியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தார். எழுந்து, "வாரேன் மாப்ளே" என்று போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அக்கா கதவைச் சாத்தவில்லை, ஆனால் பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வாராவாரம் வந்து ஊமை மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போகிற மனுஷன் மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐந்தாவது ஞாயிறு அக்கா பேசினாள். பெட்டி ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல்.

"அவ பாவாடை சட்டை எல்லாத்தையும் யாருக்குக் குடுத்தீக?"

"ரயில்வே கேட்டுக்கிட்ட குடியிருந்த ஒரு பொம்பளைக்கு. அவுக வேற ஊரு போயிட்டாக. நான் போயித் தேடிப் பாத்தேன். கெடைக்கல."

"ஒரு துணி வச்சிருக்கலாம்."

"வச்சிருக்கலாம்" என்றார். "வீட்டுல அத வச்சுக்கிட்டு எனக்கு இருக்க முடியாதுன்னு பயந்துட்டேன். ஒனக்கு அது வேணுமேன்னு தோணல. அன்னைக்குக் காலையில நீ போக வேண்டாம்ன. நான் போயிட்டேன். அத நீ ஒரு நா கேட்ருவன்னு பயந்துதான் ஒன்னயப் பேசவே விடல."

"நான் கேக்க மாட்டேன்."

"கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும் தங்கம்."

அக்காவுக்கு அன்றைக்குத்தான் சத்தமாக அழுகை வந்தது. ஏழு வருஷத்துக்கு அப்புறம் நாலு பேர் கேட்கிற மாதிரி அழுதாள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் எழுந்து வெளியே போகவில்லை.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். பெட்டி படுக்கை கட்டவேண்டியதுதான் பாக்கி என்று என் மனைவியிடம் சொன்னேன். ஆனால் அது அப்படி நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, அக்காவே அவரிடம் சொன்னாள்.

"ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். கோவிக்காதீக. ஒங்க மொகம் அவ மொகம். அந்தப் புருவம், அந்த வாய் சுழிக்கிறது. ஒரு மணி நேரம் பாக்க முடியுது. அப்புறம் நெஞ்ச அடைக்குது. ஒரே வீட்டுல என்னால இருக்க முடியாது."

 ஒரு புருஷனிடம் சொல்கிற வார்த்தையா இது. பழைய காசிராஜன் என்றால் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார். இப்போது அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி" என்றார். "ஒரு மணி நேரம் போதும்."

அந்தச் 'சரி'யும், ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாசலில் நின்று சொன்ன 'சரி'யும் ஒரே சொல்தான். கேட்கிறவனுக்கு வேறு வேறாக இருந்தது.

அப்படியே ஏழு வருஷம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருவார். கதவோரமாக உட்கார்வார். அக்கா பெட்டி ஒட்டுவாள். கம்பெனி விஷயம், யார் வீட்டில் கல்யாணம், மழை, மிளகாய் என்ன விலை விற்கிறது, இப்படி ஏதாவது பேசுவார்கள். ஊரிலிருந்து வரும்போது சும்மா வர மாட்டார். மல்லிகைப்பூவோ ஒரு சீப்புப் பழமோ இருக்கும். அக்கா அவருக்கென்று ஒரு குழம்பு வைத்திருப்பாள். சில நாள் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் ஒரு நேரம் வந்ததும் அத்தான் எழுந்துவிடுவார். கடிகாரம் பார்த்து எழுந்து நான் கண்டதில்லை. எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"நெஞ்சு அடைக்க ஆரம்பிச்சா அவ பெட்டி ஒட்டுற வேகம் கூடும். கவனிச்சதில்லையா நீ?"

கவனித்ததில்லை. அவள் என்னோடு பிறந்தவள், என் வீட்டில்தான் இருந்தாள்.

போகும்போது பஸ் நிலையம் வரைக்கும் நான் கூடப் போவது வழக்கமாகிவிட்டது. சீசன் நாட்களில் அவர் பஸ்ஸிலேயே தூங்கிவிடுவார் என்று பக்கத்தில் யாரிடமாவது சிவகாசியில் எழுப்பச் சொல்லிவிட்டு வருவேன். ஒரு தடவை, அறுபத்து நாலோ ஐந்தோ, எனக்குத் தாங்கவில்லை.

"அத்தான், ஒரு நா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருங்க. போனாச் சரியாயிரும். பொம்பளைக அப்படித்தான் சொல்லுவாக."

"அப்படிச் சொல்லாத" என்றார். "அவளுக்கு எது முடியும், எது முடியாதுன்னு அவ சொல்லிட்டா. முன்ன எல்லாம் நானே முடிவு பண்ணுவேன்."

"ஒங்களுக்கு ஆசை இல்லையா?"

பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்துக்கொண்டு திரும்பினார். "வீட்டுக்குப் போயிக் கதவத் தெறந்ததும், தங்கம்னு ஒரு தடவ கூப்பிடுவேன். வேற யாரு இருக்கா கேக்கிறதுக்கு. கூப்பிட்டுட்டு அப்புறம் அடுப்பப் பத்த வைப்பேன்." ஏறி உட்கார்ந்துவிட்டார். 

அறுபத்தெட்டு ஆவணியில் ஒரு ஞாயிறு அத்தான் வரவில்லை. பத்து மணி பஸ் வந்தது, போயிற்று. பன்னிரண்டு மணி பஸ்ஸும் போயிற்று. அக்கா கடைக்குள் வந்து நின்று தெருவைப் பார்த்தாள். அவள் கடைப்பக்கம் வருவதே இல்லை.

"லோடு இருக்கும்" என்றேன்.

"லோடு இருந்தா இருளாண்டிகிட்டச் சொல்லி ஆளனுப்பியிருப்பாக" என்றாள். ஏழு வருஷத்தில் அவளும் அவரைப் படித்திருந்தாள்.

சாயங்காலம் தகவல் வந்தது. மஞ்சள் காமாலையாம், எழுந்திருக்க முடியவில்லையாம். திங்கள் காலையில் நான் புறப்படத் தயாரானபோது அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. "நான் போயிக்கிடுதேன். நீ கடையப் பாரு" என்றாள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், பஸ்ஸில் சன்னல் ஓரமாக உட்கார்ந்து தனியாகப் போனாள்.

இரண்டு வாரம் இருந்தாள். இனி வரமாட்டாள் என்று என் மனைவி சொன்னாள். அவளுடைய பசைக் கிண்ணத்தைக்கூட எடுத்துக் கழுவி வைத்துவிட்டாள். பதினைந்தாம் நாள் அக்கா திரும்பி வந்தாள். முகம் இளைத்திருந்தது.

"அவுக எந்திரிச்சு நடமாடுறாக. கஞ்சி குடிக்காக" என்றாள்.

"அப்ப ஏன் வந்துட்ட?"

"போதும்னு தோணுச்சு. அவுகளுக்கும் தெரிஞ்சுச்சு. நான் சொல்றதுக்கு முன்னாலயே, நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போறியான்னு கேட்டாக." பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மாசத்துல ஒரு வாரம் நான் அங்கன போறதா சொல்லிட்டு வந்திருக்கேன். மத்த வாரம் அவுக வருவாக."

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு வாரமும் அங்கன என்ன பண்ணுனீக?" என்று கேட்டேன்.

"பேசிக்கிட்டிருந்தோம்."

"என்னத்தப் பத்தி?"

"சந்தனம் இருந்தா இப்ப அவளுக்குப் பதினெட்டு வயசு. எந்த ஊருல கட்டிக் கொடுத்திருப்போம்னு பேசுனோம். அவுக விருதுநகர்னாக, நல்ல யாவாரக் குடும்பமாப் பாத்திருக்கலாம்னாக. நான் சாத்தூர்தான்னேன். பக்கத்துல இருந்தாத்தான எனக்கு ஒத்தாசை. அதுக்கு அவுக, மாமியார் வீட்டுக்கு அனுப்புறியா, ஒன் வீட்டு வேலைக்கு அனுப்புறியான்னாக." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குக் கோவம் வந்துருச்சு. அரை நா பேசல. அப்புறம் அவுகளே, சரி சாத்தூரே இருக்கட்டும்னுட்டாக."